புதன்கிழமை வந்த போன்

அங்கன நிக்காதீங்க தம்பி, அந்தச் சொவரு நெழலு இன்னும் கால்மணி நேரத்துல போயிரும். உள்ள வாங்க. ஒண்ணும் நெனைக்காண்டாம், நான் ஒத்த ஆளுதான் இருக்கேன். சேரு கெடக்கு, ஃபேன் ஓடுது. ஸ்கூல் கேட்ட இங்கன உக்காந்தே பாத்துக்கிடலாம். அஞ்சு இருவதுக்கு முன்னால ஒரு பிள்ளையும் வெளிய வராது. மூணு வருஷமா இந்த நீட்டுப் பரீச்சைய எதுத்தாப்புல இருந்து பாக்கேம்லா.

மகளா உள்ள? ரெண்டாந்தடவையா? இருக்கட்டும், இருக்கட்டும். பிள்ள கம்மலக் கழத்தி உங்க கையில குடுத்துட்டுப் போனத ஜன்னல் வழியாப் பாத்தேன். பத்திரமா உள்பையில போட்டுக்கிடுங்க. போன வருஷம் ஒரு அம்மா தவற விட்டுட்டு, பரீச்ச முடியுத வரைக்கும் ரோட்ட ஒத்தக் கையால தடவித் தடவித் தேடிக்கிட்டு இருந்தா.

இந்தத் தடவையும் கெடைக்கலன்னா என்ன செய்யன்னு யோசிக்கியளாக்கும். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போடலாமா, இல்ல உள்ளூர்லயே ஒரு கிளாஸ்ல சேத்துட்டுக் கூடவே ஏதாவது வேலைக்கு அனுப்பலாமான்னு. சரியான ஆளுகிட்டதான் கேட்டிய. இதே யோசனையில நானும் என் மகளும் பல மாசம் கெடந்தோம்.

எம் பேரு பால்துரை. கவர்மெண்டு பஸ்ல இருவத்தெட்டு வருஷம் கண்டக்டர். தூத்துக்குடி ரூட்டு ரொம்ப நாளு, நாகர்கோவில் ரூட்டு கொஞ்ச நாளு. ஆளு ஏறும்போதே மூஞ்சியப் பாத்து எந்த ஸ்டாப்புல எறங்குவான்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல, பழக்கம்.

மக பேரு பெனிட்டா. ஒத்தப் பிள்ள. இப்ப இருவத்தொம்பது வயசு. இல்ல இல்ல, அவ உள்ள பரீச்ச எழுதல. குவைத்துல இருக்கா. டயாலிசிஸ் டெக்னீசியன். கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு மெஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணுதாங்கல்லா, அந்த வேல. நல்ல வேலதான் தம்பி. நான் அப்பவும் அதத்தான் சொன்னேன், இப்பவும் அதத்தான் சொல்லுதேன்.

அவ பிளஸ் டூ எழுதுனப்ப நீட்டு கெடையாது. மார்க்க வச்சுதான் டாக்டர் சீட்டு. அர மார்க்குல போச்சு. அரயே அர. அன்னிக்கு அவ அழல. அவ அம்மாதான் அழுதா. ரோஸ்லின். பெனி என்ன செஞ்சான்னா, டயாலிசிஸ் படிப்புக்கு அவளே அப்ளிகேசன் வாங்கிட்டு வந்து, 'எப்பா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க'ன்னா. படிச்சா, டிகிரி வாங்குனா, இங்க திருநெல்வேலி பைபாஸ் ரோட்டுல ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்தா. அந்த மறுவருஷம் ரோஸ்லின் போயிட்டா. நெஞ்சுவலி. ஆராதனைக்குப் போனவ, கோயில் வாசல்லயே உக்காந்தா, அம்புட்டுதான். பொறவு இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

கல்யாணமா? கேக்காம இருப்பேனா? எத்தன மாப்ள வந்துச்சு தெரியுமா? நாசரேத்துல இருந்து ஒரு வாத்தியாரு, தங்கமான பையன். 'கொஞ்சம் பொறுங்கப்பா'ன்னா. நானும் பொறுத்தேன். பிள்ளைய வற்புறுத்துத அப்பன் இல்ல நான். அதை நீங்க தெரிஞ்சுக்கிடணும்.

இப்படிப் போய்க்கிட்டு இருந்தப்பதான் அந்தச் சண்முகத்தாய் விசயம் நடந்துச்சு.

சண்முகத்தாய் ஒரு சத்துணவுக் கூடத்துல சமைக்கவ. நாப்பது நாப்பத்திரெண்டு வயசு இருக்கும். வாரத்துக்கு மூணு நாளு பெனிகிட்டதான் டயாலிசிஸ் பண்ண வருவா. ஒருநாள் காலையில வந்து படுத்ததும், 'பாப்பா, ரெண்டு காலும் ஈயம் மாதிரி கனக்கு'ன்னிருக்கா. பெனி மெஷினுல ஓடுத கோட்டப் பாத்திருக்கா. நெஞ்சுத் துடிப்பு மாறுது. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ஏறிட்டு, உடனே ஒரு கால்சியம் ஊசி போட்டா நிக்கும்னு இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. டூட்டி டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிருக்கா. 'நீ டெக்னீசியன் வேலயப் பாரும்மா, ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வாரேன்'னுட்டாராம். மறுபடி போட்டிருக்கா. எடுக்கல. ஓடிப்போய்க் கூட்டிட்டு வாரதுக்குள்ள முப்பது நாப்பது நிமிசம் ஆயிருச்சு. சண்முகத்தாய் போயிட்டா.

அன்னிக்கு மத்தியானம் டூட்டி முடிச்சு வந்தவ, இந்தா, நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, அந்த எடத்துலதான் உக்காந்தா. 'எப்பா, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். மருந்து அந்த அலமாரியிலதான் இருந்துச்சு. அதை எடுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்ல'ன்னா. ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. 'விதி மக்ளே, நீ சாப்பிடு'ன்னேன்.

ஒரு வாரம் கழிச்சு சொல்லுதா. 'எப்பா, நீட்டுக்கு இப்ப வயசு வரம்பு கெடையாதாம். எத்தன வயசுலயும் எழுதலாமாம். நான் எழுதப் போறேன்.'

எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. 'இருவத்தேழு வயசாச்சு ஏட்டி. படிச்சு முடிக்க இன்னும் ஆறு வருஷம். ஒரு சமையக்காரி செத்ததுக்கு நீ டாக்டர் ஆகணுமா?'ன்னு கேட்டுட்டேன். வாய் தவறி வந்துட்டு. அவ கோவப்படல. 'ஆமாப்பா'ன்னா. அம்புட்டுதான்.

ஆனா தம்பி, நான் தடுக்கல. நல்லாக் கேட்டுக்கிடுங்க. எத்தனையோ அப்பன் 'போடி அங்கிட்டு'ன்னு சொல்லிருப்பான். நான் அவகூட எறங்கி அலைஞ்சேன். எங்க சேக்கலாம்னு ஒவ்வொரு எடமாப் பாத்தோம். வேலைய விட முடியாது, அது அவளும் சொல்லிட்டா. வேலயும் பாக்கணும், படிக்கவும் செய்யணும். அதுக்குத் தக்கன எடம் வேணும்.

மொதல்ல போன்லயே படிக்க கிளாஸு. அத ஒரு மாசம் பாத்தா. காலம்பற அஞ்சரை மணி பஸ்ஸுல காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பா. வரும்போதும் கேப்பா. சந்தேகம் வந்தா கேக்க ஆளு இல்ல. ஒருநாள் பஸ்ஸுலயே தூங்கி, எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டு வண்ணாரப்பேட்டையில போய் நின்னா. கண்டக்டர் மகளுக்கு இது தேவயான்னு நான் சிரிச்சேன்.

அடுத்தது இங்க ஜங்சன் பக்கம், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல மூணாவது மாடி. ஞாயித்துக்கெழம மட்டும் கிளாஸு, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். எரநூறு பிள்ளைய. எல்லாம் பதினேழு, பதினெட்டு. நாங்க போனதும் அங்க இருந்தவன் பெனியப் பாத்து, 'தம்பிக்கா தங்கச்சிக்கா மேடம் சேக்கணும்?'னு கேட்டான். 'எனக்குத்தான்'னா. அவன் ஒரு மாதிரி சிரிச்சுட்டு, 'சேருங்க, சேருங்க'ன்னான். பெனிக்கு அந்த எடம் புடிக்கல. எனக்குப் புடிச்சிருந்துச்சு. வீட்டுல இருந்து ஒரே பஸ்ஸு.

மூணாவதுதான் நாமக்கல் பக்கத்து எடம். அது வேற மாதிரி. ஒரு டாக்டரம்மா நடத்துதாவ. ஏற்கெனவே டிகிரி முடிச்சு ஆஸ்பத்திரிகள்ல வேல பாக்கவங்களுக்கு மட்டும். மொத்தம் முப்பதே பேரு. காலையில கிளாஸு, மத்தியானம் அவங்க ஆஸ்பத்திரியிலயே வேல, சம்பளமும் உண்டு, தங்க எடமும் உண்டு. அதுக்கு ஒரு பரீச்ச வச்சு ஆளு எடுக்காங்க. பெனியோட வேல பாத்த ஒரு நர்ஸு சொல்லித்தான் இவளுக்குத் தெரிஞ்சுச்சு.

பரீச்ச எழுத நான்தான் கூட்டிட்டுப் போனேன். மதுரைக்குப் போய், கரூர் போய், அங்கருந்து இன்னொரு பஸ்ஸு. தகரம் போட்ட ஒரு ஹாலு, அம்புட்டுதான். ஆனா உள்ள இருந்த ஆளுகளப் பாக்கணும் நீங்க. ஒரு நர்ஸு, பார்மசிக்காரன் ஒருத்தன், எக்ஸ்ரே எடுக்க ஒரு பிள்ள. அந்தப் பிள்ள பேரு ஹாஜிரா, நம்ம மேலப்பாளையந்தான். எல்லாம் இவ வயசு. பரீச்ச முடிஞ்சு டாக்டரம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாப் பேசுனாவ. எங்களையும் கூப்பிட்டாவ. 'ஏன் டாக்டராகணும்?'னு கேட்டாவ. இவ சண்முகத்தாய் கதயச் சொன்னா. டாக்டரம்மா பேனாவ மூடி வச்சுட்டுக் கேட்டாவ. முடிச்சதும், 'கால்சியம் போட்டிருக்கணும்'னாவ. 'ஆமா மேடம்'னா இவ. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க பாருங்க, அதுல சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல, வேற என்னமோ.

வெளிய வந்து டீ குடிச்சோம். ஹாஜிராவும் இவளும் ஒரே பேச்சு. பெனி வாய்விட்டுச் சிரிக்கா. ரோஸ்லின் போனதுக்குப் பொறவு அவ சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

நான் பாதி டீய அப்படியே வச்சுட்டேன் தம்பி.

ஏன்னு கேக்கியளா? எப்படிச் சொல்ல. பஸ்ஸுல ஒருத்தன் ஏறும்போதே, இவன் திரும்பி வாரதுக்கு டிக்கெட் எடுக்க மாட்டான்னு சில மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும். அப்படி இருந்துச்சு அவ மூஞ்சி.

பத்து நாள் கழிச்சு ரிசல்ட்டு சொல்லுதோம்னாவ. இவளுக்கு டயாலிசிஸ் ரூமுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கர்ல வச்சுப் பூட்டிரணும். அதனால படிவத்துல ரெண்டாவது நம்பரா என் நம்பரக் குடுத்திருந்தா. ஒரு புதன்கெழம, பதினோரு மணி இருக்கும். நான் மீன் கழுவிக்கிட்டு இருக்கேன். போன் அடிக்கு. 'பெனிட்டாவோட அப்பாங்களா? உங்க பொண்ணு செலக்ட் ஆயிருக்காங்க. அவங்க போன் எடுக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வாரதா இல்லியான்னு சொல்லணும். இல்லாட்டி அடுத்து காத்திருக்கவங்களுக்குப் போயிரும்.'

நான் உடனே சொல்லல. அதைத்தான் நீங்க கவனிக்கணும். 'அரைமணி நேரத்துல கூப்பிடுதேன்'னேன். கையைக் கழுவிட்டு, ரோஸ்லின் படத்துக்கு முன்னால முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுனேன். 'கர்த்தரே, வழியக் காட்டும்'னேன். அவ போனு லாக்கர்ல கெடக்கு, இந்தப் போனு என் கைக்கு வருது. இதுல தேவசித்தம் இல்லாம இருக்குமா? அவளுக்கு வந்திருந்தா யோசிக்காம ஓடிருவா. வயசுப் பிள்ள, முன்னப் பின்ன தெரியாத ஊரு. ஒரு வருஷம்பாங்க, பொறவு அஞ்சு வருஷம் காலேஜிம்பாங்க, பொறவு எங்கயோ வேலம்பாங்க. நாசரேத்து மாப்ள வீட்டுல இன்னும் வேற எடம் பாக்கல. எனக்கும் அந்த நேரம் சுகர் முன்னூறுக்கு மேல.

இதெல்லாம் யோசிச்சேன். யோசிச்சுதான் போனப் போட்டேன்.

'அவ வரல'ன்னேன்.

'உறுதியாங்களா? நல்ல மார்க் எடுத்திருக்காங்க'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. 'உறுதிதாம்மா. அவளே சொல்லிட்டா'ன்னேன்.

என்ன தம்பி, தண்ணி வேணுமா? அந்தச் சொம்புல இருக்கு, எடுத்துக் குடிங்க.

நான் வேற காரணம் என்னத்தச் சொல்ல. உள்ளதச் சொல்லணும்னா, கதவத் தொறந்தா வாசல்ல அவ செருப்பு கெடக்கணும். அது கெடக்காத வீட்டுல எப்படிப் பொழுத ஓட்ட? அதையும் சேத்துக்கிடுங்க.

அன்னிக்கு அவ ஒண்ணும் கேக்கல. மறுநாள் வியாழக்கெழம சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்தா. பையத் தோள்ல இருந்து எறக்காமலே, 'எப்பா, நாமக்கல்லருந்து ஏதும் போன் வந்துச்சா?'ன்னா.

'இல்லியே'ன்னேன்.

என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. வேல மும்முரத்துல வந்தது மறந்திருக்கும்.'

'வரலட்டி. வந்தா சொல்ல மாட்டேனா?'ன்னேன்.

'சரிப்பா'ன்னுட்டு உள்ள போனா. மூஞ்சி கழுவிட்டு வந்தா. சோறு வச்சா. சாப்பிடும்போது அவளாவே சொல்லுதா, 'எப்பா, அந்த ஜங்சன் கிளாஸ்லயே சேந்துக்கிடுதேன். ஞாயித்துக்கெழம கிளாஸு.' அவளாவே சொன்னா தம்பி! நான் வாயத் தொறக்கல. பாத்தியளா, ஜெபத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வந்துட்டுன்னு நெனச்சேன்.

பொறவு ஒரு வருஷம் நான் அவளுக்குச் செஞ்சது மாதிரி எந்த அப்பனும் செஞ்சிருக்க மாட்டான். ஞாயித்துக்கெழம காலையில ஆராதனைய விட்டுட்டேன். சர்ச்சு ஐயரே வீட்டுக்கு வந்து, 'என்ன பால்துரை, ஆளையே காணும்?'னு கேட்டாரு. 'பிள்ள படிக்கு ஐயரே'ன்னேன். மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்குச்சட்டியில சோறு கொண்டுபோவேன். முட்டச் சோறு, இல்லாட்டி மீன் கொழம்பு. ஜவுளிக்கடை மாடிப்படியில நானும் அவளும் உக்காந்து சாப்பிடுவோம். சுத்திச் சின்னப் பிள்ளைய 'அக்கா அக்கா'ன்னு சந்தேகம் கேட்டுக்கிட்டு நிக்கும். ஒரு வாரம்கூட நான் தவறுனது இல்ல. அவளும் ஒரு பருக்க மீதி வச்சது இல்ல. 'நல்லாருந்துச்சுப்பா'ம்பா. அவ்வளவுதான் பேசுவா. களைப்பு. வாரத்துல ஆறு நாளு ஷிப்டு, ஏழாவது நாளு கிளாஸு. பேச்சு கொறஞ்சுபோச்சுன்னா அது களைப்புதான்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்க?

பரீச்ச வந்துச்சு. அவளுக்கு இந்த ஸ்கூல் விழல, வேற எடம். முந்துன நாள் சனிக்கெழம ஆஸ்பத்திரியில ஒருத்தி வரல, இவளையே ரெண்டு ஷிப்டு பாக்கச் சொல்லிட்டாங்க. லீவு கேட்டா குடுக்கல. ஞாயித்துக்கெழம பரீச்ச முடிஞ்சு வெளிய வந்தவ, 'பயாலஜி எல்லாம் எழுதிட்டேன்ப்பா. பிசிக்ஸ் கணக்குப் போடும்போது கண்ணு சொருகிட்டு. முழிச்சுப் பாத்தா இருவது நிமிசம் போயிருக்கு'ன்னா. நாமக்கல்லுலன்னா பரீச்சைக்கு முந்துன ஒரு மாசம் டூட்டியே கெடையாதாம். அத அன்னிக்கே டாக்டரம்மா சொன்னாவளாம். எனக்குக் காதுல விழல.

ஒம்பது மார்க்கு. எங்க ஆளுகளுக்கு உள்ள கோட்டாவுல கடைசியா சீட்டுக் கெடச்ச பிள்ளைக்கும் இவளுக்கும் ஒம்பது மார்க்குதான் வித்தியாசம். கம்ப்யூட்டர் சென்டர்ல பாத்துட்டு நடந்தே வந்தோம். 'அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம் மக்ளே'ன்னேன். 'வேண்டாம்ப்பா, போதும்'னா. எனக்கு, கர்த்தர் மன்னிக்கணும், உள்ளுக்குள்ள ஒரு நிம்மதியாக்கூட இருந்துச்சு. இனி கல்யாணத்துக்குச் சம்மதிப்பான்னு.

நாலு மாசம் போச்சு. ஒரு சனிக்கெழம காலையில வாசல்ல ஆட்டோ நிக்குது. எறங்குனது ஹாஜிரா. கையில ஸ்வீட் டப்பா. கூட அவ உம்மா. உள்ள வந்ததும் வராததுமா பெனியக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டா. கவர்மெண்டு காலேஜுல டாக்டர் சீட்டு. நாமக்கல்லுல படிச்சுக் கெடச்சிருக்கு.

'அக்கா, நான் வெயிட்டிங்லதான் இருந்தேன். மொத ஆளா என்னையத்தான் வச்சிருந்தாங்க. திருநெல்வேலிப் பொண்ணு ஒண்ணு வரலன்னு சொல்லிட்டாங்க, அந்த எடம் உனக்குன்னு கூப்பிட்டாங்க. அது நீங்கதான்னு போன மாசம் டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க ஏன்க்கா வேண்டாம்னிய? அவ்வளவு ஆசப்பட்டியளே?'

நான் அந்த அடுக்களைக் கதவுகிட்ட நிக்கேன். காபித் தட்டு கையில. முடிஞ்சுபோச்சு, இப்ப என்னைத் திரும்பிப் பாக்கப் போறான்னு நிக்கேன்.

பெனி என்னைப் பாக்கவே இல்ல. ஹாஜிரா கையப் புடிச்சுக்கிட்டே சொல்லுதா, 'நான்தாம்மா வேண்டாம்னேன். அப்பாவுக்கு அப்ப சுகர் ரொம்ப ஏறிக் கெடந்துச்சு. விட்டுட்டு வர மனசு இல்ல. உனக்குக் கெடச்சதுல எனக்குச் சந்தோசம்'னா. எந்திரிச்சு வந்து என் கையில இருந்த தட்ட வாங்கி, எல்லாருக்கும் காபி குடுத்தா. ஹாஜிராவோட உம்மா என்னைப் பாத்து, 'இப்படி ஒரு பிள்ளையப் பெத்திருக்கியளே, நீங்க குடுத்து வச்சவுக'ன்னாவ. நானும் தலைய ஆட்டுனேன். ஆட்டுனேன் தம்பி.

அவங்க போனதுக்குப் பொறவு ஏதாவது கேப்பான்னு பாத்தேன். டம்ளர்களக் கழுவிக் கவுத்துட்டு, 'எப்பா, நான் டூட்டிக்குக் கெளம்புதேன்'னா. நான் என்ன நெனச்சேன்னா, அவ வெள்ளந்தி மனசுக்கு, போன் தவறி எங்கயோ போச்சுன்னு எடுத்துக்கிட்டா, என்னைச் சந்தேகப்படலன்னு நெனச்சேன். தப்பிச்சேன்னு நெனச்சேன். அவமானத்துல இருந்து என்னைக் காப்பாத்துனா, அதுகூட எனக்கு வெளங்கல.

தை மாசம் குவைத்துக்குப் போனா. டிக்கெட் வந்ததுக்குப் பொறவுதான் எங்கிட்ட சொன்னா. 'நாசரேத்து மாப்ள?'ன்னேன். 'அவரு எப்பவோ கல்யாணம் பண்ணிட்டாருப்பா'ன்னா. திருவனந்தபுரம் ஏர்ப்போர்ட்டுக்கு நானும் போனேன். உள்ள போற வரைக்கும் கையாட்டிக்கிட்டே நின்னேன். அவ திரும்பிப் பாக்கல. கூட்டம். அவளுக்கு நான் நின்ன எடம் தெரிஞ்சிருக்காது.

இப்ப வாரத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. சுகர் எவ்வளவும்பா, கரண்டு பில்லு கட்டியாச்சாம்பா. வேற பேச்சு இல்ல. எனக்கு அதுதான் ஆத்தாமை. ஒரு மாசம், ரெண்டு மாசம் பொறுத்தேன். எத்தன நாளைக்கு? இந்தா, போன ஞாயித்துக்கெழம, ஒரு வாரம் ஆகுது. எதுத்த ஸ்கூல்ல பந்தக்காலு நட்டு, பேரு விவரம் ஒட்டப் பலகை கட்டிக்கிட்டு இருந்தாங்க. அதைப் பாத்துக்கிட்டே போன் பேசுதேன். என்னமோ வாயி வந்துட்டு.

'பெனி, ஒரு விசயம் சொல்லணும். அந்த நாமக்கல் போனு வந்துச்சுட்டி. நான்தான் எடுத்தேன்'னேன்.

'தெரியும்ப்பா'ன்னா.

'ஹாஜிரா வந்தன்னிக்குத் தெரிஞ்சுச்சா?'

'இல்லப்பா. மறுநாளே தெரியும். வியாழக்கெழம காலையில ஆஸ்பத்திரிப் போன்ல இருந்து நானே அவங்களக் கூப்பிட்டேன். உங்க அப்பா நேத்தே வேண்டாம்னுட்டாங்களேம்மா, எடம் போயாச்சேன்னாங்க.'

வியாழக்கெழம காலையில தம்பி. அப்படின்னா அன்னிக்குச் சாயங்காலம் பையத் தோள்ல போட்டுக்கிட்டு என் முன்னால வந்து நின்னாளே, அது தெரிஞ்சுக்கிட்டு நின்னது. யோசிச்சுச் சொல்லுங்கப்பான்னாளே, அது தெரிஞ்சுக்கிட்டுச் சொன்னது. ஒரு வருஷம் ஜவுளிக்கடை மாடிப்படியில உக்காந்து நான் போட்டுக் குடுத்த சோத்தத் தின்னாளே, அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டுத் தின்னது.

'பின்ன ஏம்ட்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?'ன்னேன். எனக்குக் கோவமே வந்துட்டு. 'சண்ட போட்டிருக்கலாம்லா? ரெண்டு நாளு பட்டினி கெடந்திருக்கலாம்லா? எதுக்கு என்னைய இப்படி வச்சிருந்த?'

'கேட்டேன்ப்பா'ன்னா. 'அன்னிக்கு ரெண்டு தடவ கேட்டேன். நீ போகாத பெனி, எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குன்னு சொல்லிருந்தியன்னா, நானே வேண்டாம்னுருப்பேன். எனக்கும் உங்கள விட்டுட்டுப் போகப் பயமாத்தான் இருந்துச்சு.'

அவ அழல. அவ அழுதிருந்தா நான் ஏதாவது சொல்லிருப்பேன். என்னை மன்னிச்சுக்கோ மக்ளேன்னு ஒரு வார்த்த, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல. அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுத சத்தம் கேட்டுச்சு.

'டூட்டிக்கு நேரமாச்சுப்பா. சாப்ட்டாச்சா?'ன்னா.

'ஆச்சு மக்ளே, இப்பத்தான்'னேன்.

அன்னிக்கு நான் அடுப்பே பத்த வைக்கல தம்பி.